பழைய சுரங்கத்துச் சின்னக் கற்கள்: பெயர் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சுரங்கம் ஒன்றின் கழிவுக்குவியலில் பொறுக்கிய கற்கள், ஒரு டப்பா நிறைய. பெரும்பாலும் விரல்நகத்தைவிடச் சின்னவை. சிலவற்றில் லென்ஸ் வைத்தால்தான் படிகமே தெரியும். இது என்ன கல் என்று கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பட்டம் வாங்கிய புவியியலாளன் அல்ல. சின்னப் படிகங்களைச் சேர்ப்பவன், அவற்றுக்குத் தப்புத் தப்பாகப் பெயர் வைத்துப் பிறகு திருத்திக்கொண்டவன்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கல்லைத் தொடுவதற்கு முன் சீட்டு எழுதுங்கள். எந்தச் சுரங்கம், அதில் எந்தக் குவியல், என்றைக்கு எடுத்தது, யார் எடுத்தது. நாலு வரி போதும். கல்லின் பின்பக்கம் ஒரு சின்ன எண், அதே எண் சீட்டிலும். கல்லுக்குப் பெயர் நாளைக்குக் கிடைக்கலாம், பத்து வருடம் கழித்தும் கிடைக்கலாம். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டால் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் இல்லை.

எங்கிருந்து எடுத்தது என்பது அவ்வளவு முக்கியமா? கல் கல்தானே?

ரொம்ப முக்கியம். கனிமங்கள் தனியாக வருவதில்லை, கூட்டமாக வரும். சுரங்கத்தில் எந்தெந்த உலோகம் இருந்தது என்று தெரிந்தாலே, உங்கள் கல் என்னவாக இருக்க முடியும் என்ற பட்டியல் பாதிக்குமேல் சுருங்கிவிடும்.

ஒரு வெள்ளைப் படிகத்தை எடுத்துக்கொள்வோம். பளபளக்கிறது, கையில் கனமாக இருக்கிறது. ஈய, துத்தநாகச் சுரங்கத்திலிருந்து வந்தது என்றால் செருசைட், ஆங்கிளசைட், பேரைட் என்ற வரிசையில் யோசிக்கலாம். டங்ஸ்டன் சுரங்கத்திலிருந்து வந்தது என்றால் முதலில் ஷீலைட் ஞாபகத்துக்கு வர வேண்டும். கல் ஒன்றுதான், அது வந்த இடத்தைப் பொறுத்துக் கேள்வி மாறிவிடுகிறது.

நிலத்தின் மேல்மட்டத்தில், காற்றும் மழைநீரும் இறங்கும் பகுதியில் முதல்நிலைத் தாதுக்கள் சிதைந்து வேறு கனிமங்களாக மாறும். சின்னப் படிகம் சேர்ப்பவர்களுக்குப் பிடித்த நிறங்களெல்லாம் இந்தப் பகுதியில்தான் கிடைக்கும். ஈயத் தாதுவான கலீனா சிதைந்தால் ஆங்கிளசைட், செருசைட். பக்கத்தில் பாஸ்பேட் இருந்தால் பைரோமார்ஃபைட், ஆர்செனிக் இருந்தால் மிமெடைட், வனேடியம் இருந்தால் வனடினைட், மாலிப்டினம் இருந்தால் உல்ஃபெனைட். செம்புத் தாதுவிலிருந்து மாலகைட், அசுரைட், கிரைசோகொல்லா. துத்தநாகத்திலிருந்து ஸ்மித்சோனைட், ஹெமிமார்ஃபைட். கோபால்ட் இருந்தால் இளஞ்சிவப்பு எரித்ரைட், நிக்கல் இருந்தால் வெளிர்பச்சை அன்னபெர்கைட். பைரைட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழுப்புத் துருதான், கோத்தைட். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் டப்பாவைத் திறந்ததுமே பாதி வேலை நடக்கும்.

2000-இல் இணையத்துக்கு வந்த மின்டாட் தளத்தில் சுரங்கத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அங்கே பதிவான கனிமங்களின் பட்டியல் கிடைக்கும். உங்கள் கல்லுக்கு நீங்கள் நினைக்கும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் சந்தேகம் முதலில் உங்கள்மேல் இருக்கட்டும், அப்புறம் பட்டியலின்மேல். பழைய பட்டியல்களிலும் கண்ணால் பார்த்து மட்டும் எழுதிய தப்புகள் உண்டு. நமீபியாவில் இருக்கும் த்சுமெப் மாதிரி சுரங்கம் என்றால் பட்டியல் பெரிதாக உதவாது. 300-க்கும் மேற்பட்ட கனிமங்கள் பதிவான இடம் அது; எதுவும் அங்கே சாத்தியம்.

என்னென்ன கருவி வேண்டும்? செலவு அதிகமா?

10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று, எஃகு ஊசி, செம்புக் கம்பித் துண்டு, ஒரு கண்ணாடிச் சில்லு, மெருகு பூசாத பீங்கான் துண்டு, நூலில் கட்டிய வலுவான காந்தம். பீங்கானுக்குக் கடையில் அலைய வேண்டாம். தரை டைலின் அடிப்பக்கம், பீங்கான் கோப்பையின் அடி விளிம்பு, இரண்டும் வேலை செய்யும்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைக் கிட்டே கொண்டுவாருங்கள். லென்ஸைக் கல்லின்மேல் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸ் பழகிவிட்டால் இன்னொன்றுக்கு ஆசைப்படலாம்: இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி. 10 முதல் 40 மடங்கு வரை போதும். பள்ளியில் இருக்கும் 400 மடங்கு நுண்ணோக்கி இதற்கு ஆகாது. அது மெல்லிய சீவல்களை ஊடுருவும் ஒளியில் பார்ப்பதற்கானது.

கற்களைக் கழுவலாமா?

அவசரப்படாதீர்கள். சுரங்கக் கனிமங்களில் சில தண்ணீரில் கரைந்துபோகும். நீலமான சால்கந்தைட், பைரைட் சிதைவில் வரும் மெலன்டெரைட், எப்சமைட் எல்லாம் அப்படித்தான். சுரங்கம் மூடிய பிறகு சுவரிலும் குவியலிலும் பூத்துக்கிடக்கும் வெள்ளை, பச்சை, நீலப் பூச்சுகளில் இவை நிறைய. ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் மறுநாள் வெறுங்கல்தான் மிஞ்சும். முடிபோல நிற்கும் ஊசிப் படிகங்களில் பிரஷ் பட்டாலும் அவ்வளவுதான்.

ஒரே மாதிரி இரண்டு மூன்று துண்டு இருந்தால், மட்டமானதை முதலில் நனைத்துப் பாருங்கள். தாங்கினால் மற்றவற்றை மிருதுவான பிரஷ்ஷால் கழுவலாம். துருக்கறை போக ஆக்சாலிக் அமிலம் என்று பலர் சொல்வார்கள். குவார்ட்ஸுக்கு அது சரி. ஆனால் கூடவே ஒட்டியிருக்கும் கால்சைட்டை அரித்துவிடும், நமக்கும் நஞ்சு. பெயர் தெரியாத கல்லுக்கு அமிலக் குளியல் வேண்டவே வேண்டாம். நீங்கள் கழுவித் தள்ளும் அந்தத் துருப் பொடியிலேயே தேடும் கனிமம் இருக்கலாம்.

நிறத்தை வைத்தே சொல்லிவிட முடியாதா?

சிலவற்றில் முடியும். அசுரைட்டின் ஆழ்ந்த நீலத்தோடு குழப்ப அதிகம் இல்லை. மற்றபடி நிறம் ரொம்ப ஏமாற்றும். ஃப்ளோரைட் ஊதா, பச்சை, மஞ்சள், நிறமில்லாதது என்று எல்லா வேஷத்திலும் வரும். குவார்ட்ஸும் அப்படியே.

கனிமங்களுக்குப் பெயர் வைத்தவர்களே இதில் நொந்துபோயிருக்கிறார்கள். அப்பட்டைட் என்ற பெயர் ஏமாற்று என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பேலரைட் என்றால் நம்பமுடியாதது. மிமெடைட் என்றால் போலி செய்வது. பைரோமார்ஃபைட் மாதிரியே இருப்பதால் அந்தப் பெயர். அவர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்னும்போது நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிறத்தைவிட நம்பகமானது தூளின் நிறம். பீங்கான்மேல் உரசினால் வரும் கோடுதான் அது. ஹெமடைட் வெளியே கறுப்பாக, வெள்ளிபோல மின்னினாலும் கோடு செங்காவியாக இருக்கும். கோத்தைட்டுக்கு மஞ்சள்பழுப்பு. மேக்னடைட்டுக்குக் கறுப்பு. பைரைட்டும் சால்கோபைரைட்டும் தங்கமாக மின்னினாலும் கோடு பச்சை கலந்த கறுப்பு. ஸ்பேலரைட் கரும்பழுப்பாக இருந்தாலும் கோடு வெளிறிய மஞ்சள்பழுப்பாகத்தான் விழும்.

உரசுவதற்குக் கல் ரொம்பச் சின்னதா? கடுகில் பாதி அளவு துகள் ஒன்றைப் பீங்கான்மேல் வைத்து, ஊசியின் தட்டை முனையால் அழுத்தித் தேய்த்தால் போதும். ஒன்று மட்டும்: பீங்கானைவிடக் கடினமான கனிமம், அதாவது அடுத்த கேள்வியில் வரும் கடினத்தன்மை அளவுகோலில் கிட்டத்தட்ட 7-க்கு மேல், கோடு போடாது. பீங்கானைத்தான் கீறும். அப்போது தெரியும் வெள்ளைத்தூள் பீங்கானுடையது.

2 மில்லிமீட்டர் படிகத்தில் கடினத்தன்மையை எப்படிச் சோதிப்பது?

ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோல்தான் இன்னமும்: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃப்ளோரைட் 4, அப்பட்டைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, கொரண்டம் 9, வைரம் 10. நகம் ஏறக்குறைய 2.5, செம்புக் கம்பி 3, கத்தியும் சாதாரணக் கண்ணாடியும் 5.5 பக்கம்.

நல்ல படிகத்தைக் கீறாதீர்கள். உடைந்த துணுக்கு ஒன்றைத் தேடுங்கள், டப்பாவின் அடியில் எப்போதும் இருக்கும். அதை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தி உருட்டுங்கள். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். கீறல் விழுந்திருந்தால் கண்ணாடியைவிடக் கடினம். துடைப்பதை விட்டுவிடாதீர்கள். மென்மையான கனிமம் கண்ணாடிமேல் இழுபட்டு விட்டுப்போன தூள்கோடு, பார்ப்பதற்கு அச்சு அசலாகக் கீறல் மாதிரியே இருக்கும். நான் ஒரு கால்சைட்டை இப்படித்தான் குவார்ட்ஸ் என்று எழுதி வைத்திருந்தேன்.

இன்னொரு சங்கதி: மண்போல உதிரும் கட்டியில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன, அவ்வளவுதான். ஹெமடைட் படிகம் கத்திக்கு அசையாது. அதே ஹெமடைட் காவிமண்ணாக வந்தால் விரலில் ஒட்டும்.

சின்னக் கல் என்றால் அடையாளம் காண்பது கஷ்டம்தானே?

ஒரு விஷயத்தில் சுலபம். சின்னப் படிகங்கள்தான் பெரும்பாலும் குறையில்லாமல் வளர்ந்திருக்கும். பெரியவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முகம் உடைந்து கிடக்கும். ஒரு கனிமத்தின் படிகம் எந்த அளவில் இருந்தாலும் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறாது என்பதை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-லேயே எழுதிவிட்டார். அதனால் அரை மில்லிமீட்டர் படிகம் சொல்வதும் ஒரு முழம் படிகம் சொல்வதும் ஒன்றே.

கனசதுரமா? பைரைட், கலீனா, ஃப்ளோரைட் என்று தொடங்குங்கள். பைரைட்டின் முகங்களில் நுண்ணிய வரிகள் ஓடும், பக்கத்து முகத்தின் வரி அதற்குச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகம் வேண்டாம். ஆறுபக்கத் தூணா? குவார்ட்ஸ் என்றால் தூணுக்குக் குறுக்கே வரிகள். அப்பட்டைட், பைரோமார்ஃபைட், பெரில் எல்லாமே ஆறுபக்கம்தான். சாய்சதுர முகம் பன்னிரண்டு கொண்ட உருண்டை என்றால் கார்னெட்டை நினையுங்கள்.

உடைந்த இடத்தையும் பாருங்கள். கலீனா மூன்று செங்குத்தான திசைகளில் படிக்கட்டுபோலப் பிளக்கும். கால்சைட்டுக்கும் மூன்று திசை, ஆனால் செங்கோணம் இல்லை. சாய்ந்த பெட்டிகளாக உடையும். ஃப்ளோரைட் கனசதுரத்தின் மூலைகள் முக்கோணமாகச் சில்லு பெயர்ந்திருக்கும். குவார்ட்ஸுக்குப் பிளவே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம், உடைந்த கண்ணாடிபோல வளைந்த முறிவுதான்.

ஒரு பொறி உண்டு. வடிவம் ஒருவருடையது, உள்ளே இருப்பது வேறொருவர். பைரைட் கனசதுரம் அப்படியே துருவாகி, வரிகள்கூட அழியாமல், உள்ளே முழுக்கக் கோத்தைட்டாக இருக்கும். அசுரைட் படிகம் வடிவம் மாறாமல் பச்சை மாலகைட்டாகிவிடும். பழைய சுரங்கக் குவியல்களில் இது சர்வசாதாரணம்.

எடையை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், 1 கிராமாவது இருந்தால். 0.01 கிராம் காட்டும் சின்ன மின்தராசு வேண்டும். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. 3.96 கிராம் கல், தண்ணீரில் தொங்கும்போது 0.88 காட்டினால் 4.5. அந்தக் கனத்தில் வெள்ளைக் கல் என்றால் பேரைட் என்று தைரியமாக யோசிக்கலாம்.

குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, ஃப்ளோரைட் 3.18, பைரைட் 5, ஷீலைட் 6, செருசைட் 6.5, கலீனா 7.5. கல்மேல் ஒட்டும் காற்றுக்குமிழி கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் போதும். 0.3 கிராம் கல்லுக்கு இதைச் செய்யாதீர்கள். தராசின் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலே விடை பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். அப்புறம், கல் கலப்பில்லாததாக இருக்க வேண்டும். பாதி குவார்ட்ஸ் பாதி கலீனா என்றால் வரும் எண் யாருடையதும் அல்ல.

அமிலச் சோதனை வீட்டில் செய்யலாமா?

வினிகரில் தொடங்குங்கள். கால்சைட் தூளின்மேல் ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பார்த்தால் குமிழி தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுமார் 10 சதவீதம், இன்னும் தெளிவாகச் சொல்லும். கால்சைட் உடனே நுரைக்கும், டாலமைட் தூளாக்கினால்தான். நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. ப்ளீச் திரவம் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது; இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு.

நுரைக்கிறது என்றதும் எழுதிவிடாதீர்கள், எது நுரைக்கிறது என்று பாருங்கள். பச்சைப் பூச்சு நுரைக்கிறது, ஆகவே மாலகைட் என்று முடிவு கட்டுவோம். அடியில் இருந்த கால்சைட்தான் நுரைத்திருக்கும். பச்சைத் துகளை மட்டும் ஊசியால் எடுத்து, கண்ணாடிமேல் தனியாக வைத்துச் சோதியுங்கள்.

பச்சை என்றால் மாலகைட்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, எனவே கொஞ்சம் விரிவாக.

பச்சையில் செம்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். ஒரு துகளை ஒரு சொட்டு அமிலத்தில் கரைத்து, சுரண்டிச் சுத்தமாக்கிய இரும்பு ஆணியின் முனையை அதில் வைத்தால், செம்பு இருந்தால் ஆணிமேல் செந்நிறப் படலம் படியும். பார்க்க அழகாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

செம்பு உண்டு, அமிலத்தில் நுரையும் உண்டு என்றால் மாலகைட்டுக்கு வாய்ப்பு அதிகம். செம்பு உண்டு, நுரை இல்லை என்றால் ப்ரோகாண்டைட் மாதிரி சல்பேட்டாக இருக்கலாம். ஊசிக் கொத்தாக வந்தால் கண்ணுக்கு மாலகைட்டேதான். நீலப்பச்சையாக, பீங்கான் மெருகுபோலப் படிந்திருந்தால் கிரைசோகொல்லா. செம்பே இல்லை என்றால் பைரோமார்ஃபைட், நிக்கல் கனிமங்கள் என்று வேறு பக்கம் போக வேண்டும். செம்பு ஆர்சனேட்டுகள், பாஸ்பேட்டுகள் என்று இன்னும் ஒரு பெரிய கூட்டமே பச்சையில் இருக்கிறது. அங்கே வீட்டுச் சோதனைக்கு வேலை இல்லை.

மஞ்சளாக மின்னுகிறது. தங்கமா?

ஊசியால் அழுத்துங்கள். தங்கம் குழியும், நசுங்கும், உடையாது. பைரைட் ஊசிக்கு மசியாது. மீறி அழுத்தினால் தெறிக்கும். சால்கோபைரைட் கறுந்தூளாக நொறுங்கும். ஏடு ஏடாகப் பிரிந்து வளைந்தால் வெயிலிலும் மழையிலும் கிடந்து மஞ்சளான மைக்கா. கல்லை விளக்கின்கீழ் திருப்பும்போது எல்லாக் கோணத்திலும் ஒரே மஞ்சளாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம், பளிச் பளிச்சென்று மின்னி மின்னி அணைந்தால் வைக்க வேண்டாம்.

பாறையின் விரிசலில் பெரணி இலை மாதிரி கறுப்பாக இருக்கிறது. புதைபடிவமா?

இல்லை. மாங்கனீசு ஆக்சைடு கிளைகிளையாகப் படிந்தது. பைரோலூசைட் என்று பழைய புத்தகங்கள் எழுதும், ஆய்ந்து பார்த்தபோது பெரும்பாலும் வேறு மாங்கனீசு ஆக்சைடுகளாகவே இருந்தன. மருந்துக்கடை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் மாங்கனீசு ஆக்சைடு நுரைக்கும். சீட்டில் “மாங்கனீசு ஆக்சைடு” என்று மட்டும் எழுதுவது நேர்மை.

காந்தம் இழுத்தால்?

மேக்னடைட் பலமாக, பைரோடைட் கொஞ்சமாக. ஆனால் நூறு வருடம் உளியும் சுத்தியும் துளைப்பானும் ஓடிய இடம் அது. காந்தத்தில் ஒட்டும் துருப்பிடித்த சில்லு, உடைந்த உளியாகவும் இருக்கலாம்.

புற ஊதா விளக்கு வாங்க வேண்டுமா?

வாங்கினால் சந்தோஷம், வாங்காவிட்டால் நஷ்டம் பெரிதில்லை. 365 நானோமீட்டர் டார்ச் சுலபமாகக் கிடைக்கும். 254 நானோமீட்டர் குற்றலை விளக்கு விலை கூட, ஆனால் அடையாளத்துக்கு அதுதான் அதிகம் உதவும். ஷீலைட் குற்றலையில் வெளிர்நீலமாக எரியும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபிராங்க்ளின் சுரங்கக் கற்களில் வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் சிவப்பாகவும் ஒரே கல்லில் ஒளிர்வது இதில்தான் முழு அழகோடு தெரியும். குற்றலை கண்ணைச் சுட்டுவிடும், கண்ணாடி இல்லாமல் பார்க்கக்கூடாது.

ஒளிரவில்லை என்றால் அது அல்ல என்று அர்த்தம் ஆகாது; கொஞ்சம் இரும்பு கலந்திருந்தாலே ஒளிர்வு அணைந்துபோகும். ஒளிர்ந்தாலும் அவசரம் வேண்டாம். நுண்ணோக்கியின் கீழ் பிரகாசமான நீல இழை தெரிந்தால் அது பெரும்பாலும் துணியிலிருந்து உதிர்ந்த நூல்துணுக்கு. சலவைத்தூள் அப்படி ஒளிரும். எனக்கு ஒரு மாலை முழுக்க மகிழ்ச்சி கொடுத்த அரிய கனிமம் என் சட்டையிலிருந்து விழுந்தது.

கண்ணாடி மாதிரி பளபளப்பு, உள்ளே குமிழிகள். இது என்ன?

தாதுவை உருக்கும்போது மிஞ்சும் கசடு. தாதுவை அங்கேயே உருக்கிய சுரங்கங்களில் இது மலைபோலக் கிடக்கும். உருண்டைக் குமிழி, வழிந்தோடிய தடம், நீலமோ பச்சையோ கலந்த கண்ணாடி, சில சமயம் உள்ளே உலோகமணி. தூக்கிப் போடாதீர்கள். கிரேக்கத்தின் லாரியத்தில், பழைய ஏதென்ஸுக்கு வெள்ளி கொடுத்த சுரங்கப் பகுதியில், கடலோரம் கொட்டிய ஈயக் கசடின்மேல் உப்புநீர் 2,000 வருடம் வேலை செய்து, குமிழிக்குழிகளில் லாரியோனைட் முதலான படிகங்களை வளர்த்திருக்கிறது. அந்தக் குழிகளைத்தான் சேகரிப்பாளர்கள் லென்ஸோடு மேய்கிறார்கள்.

ஃபோட்டோ போட்டுக் கேட்டால் சொல்லமாட்டார்களா?

ஃபோட்டோவில் கனம் தெரியாது, கடினம் தெரியாது, தூளின் நிறம் தெரியாது. இருந்தாலும் கேட்கலாம், கேட்கும் முறையில் கேட்டால். சுரங்கத்தின் பெயர், படத்தில் தெரியும் அகலம் எத்தனை மில்லிமீட்டர், தூளின் நிறம், கடினத்தன்மை, அமிலத்தில் என்ன ஆனது, கூட என்னென்ன கனிமம் இருக்கிறது. வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு மூன்று கோணத்தில் படம். “இது என்ன?” என்று ஒற்றைப் படம் போட்டால் ஐந்து பேர் ஐந்து பெயர் சொல்வார்கள், அதில் அதிக நம்பிக்கையோடு சொன்னவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் உறுதியாகத் தெரிந்துவிடுமா?

எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. தப்பான சோதனைக்குக் காசு கொடுப்பவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன்.

மின்னணு நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ்ரே பகுப்பாய்வு கடுகளவு துகளிலேயே எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று சொல்லும். அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லாது. ஹைட்ரஜனை அதற்குத் தெரியாது. கால்சைட்டும் அரகோனைட்டும் அதற்கு ஒன்றே, பைரைட்டும் மார்கசைட்டும் ஒன்றே. ஈயச் சுரங்கக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கந்தகம், ஈயம், மாலிப்டினம் மூன்றின் முக்கியக் கோடுகளும் (தனிமத்தைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே ஆற்றல்கள்) 2.3 கிலோஎலக்ட்ரான்வோல்ட் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். இயந்திரம் தானாக ஒட்டித் தரும் பெயரை அப்படியே நம்பினால் உல்ஃபெனைட்டில் கந்தகம் முளைக்கும். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கியிலும் இதே மாதிரி தொல்லை, ஆர்செனிக்கும் ஈயமும் 10.5 கிலோஎலக்ட்ரான்வோல்ட் பக்கம் முட்டிக்கொள்ளும். அதன் ஒளிப்புள்ளி பல மில்லிமீட்டர் அகலம். உங்கள் படிகத்தோடு அடிப்பாறையையும் சேர்த்தே படிக்கும்.

எக்ஸ்ரே விளிம்புவளைவு, 1912-இல் மாக்ஸ் ஃபான் லாவே தொடங்கிவைத்தது, அணு அடுக்கையே படிக்கும். கனிமத்தின் பெயர் வேண்டும் என்றால் இதுதான் நேர்வழி. ஆனால் வழக்கமான முறைக்குக் கொஞ்சம் படிகத்தை அரைத்துத் தூளாக்க வேண்டும்.

சின்னப் படிகக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ராமன் நிறமாலை: கல்லில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அடையாளம் காண்பது. சி.வி. ராமன் 1928-இல் கண்டது இன்று லேசர் நுண்ணோக்கியில் உட்கார்ந்திருக்கிறது. அரைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். கால்சைட், அரகோனைட் வித்தியாசத்தை நொடியில் சொல்லும். குறையும் உண்டு: சில கனிமங்கள் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். கரிய கனிமங்கள் லேசரில் சூடாகிக் கருகியும் போகும்.

வீட்டில் வைத்திருப்பதில் ஆபத்து ஏதாவது?

பெரும்பாலானவை நிம்மதியாக இருக்கும். கல்லைத் தொட்டபின் கை கழுவுங்கள், நாக்கில் வைக்காதீர்கள், உடைத்த தூளை ஊதாதீர்கள். நார்நாராகப் பிரியும் கனிமம் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு மூடிய டப்பாவில் போடுங்கள். சுத்தியால் தட்டும்போது பூண்டு வாடை அடித்தால் ஆர்செனிக் இருக்கிறது. சிவப்பு சின்னபாரை, அதாவது பாதரசத் தாதுவை, சூடாக்கவே கூடாது. பெயர் தெரியாத எதையும் சூடாக்க வேண்டாம், பழைய ஊதுகுழல் சோதனைகள் எவ்வளவு ஆசை காட்டினாலும். யுரேனியச் சுரங்கத்துப் பச்சை, மஞ்சள் தகடுகள் என்றால் படுக்கையறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், குறைவாக.

கல்லுக்கும் ஆபத்து உண்டு. ரியல்கரை வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் பொடியாகும். பைரைட் ஈரக்காற்றில் சிதைந்து, வெளிவரும் கந்தக அமிலம் முதலில் தின்பது உங்கள் சீட்டைத்தான்.

குவியலில் தேடுவதோடு நிறுத்துங்கள், உரிமையாளரைக் கேட்டுவிட்டு. பழைய சுரங்கத்துக்குள் காற்று கெட்டிருக்கும். கெட்டதை மூக்கு சொல்லாது.

நான் புதுக் கனிமம் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, மிக மிகக் கொஞ்சம். சர்வதேசக் கனிமவியல் சங்கம் ஏற்ற கனிமங்கள் இப்போது 6,000-ஐத் தாண்டிவிட்டன. புதிதாக வருபவற்றில் பல, இப்படிப்பட்ட குவியல்களில் சேகரிப்பாளர்கள் எடுத்த நுண்ணிய படிகங்கள்தான். வேதிக்கூறும் அணு அடுக்கும் நிறுவ வேண்டும், மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். உங்கள் கல்லுக்குப் பெயர் கிடைக்காததற்குப் புதுக் கனிமம் என்பதைவிட, சாதாரணக் கனிமம் வழக்கமில்லாத உடுப்பில் வந்திருக்கிறது என்பதே காரணமாக இருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பெரும்பாலும் குவார்ட்ஸ்.

எல்லாம் செய்தும் தெரியவில்லை. சீட்டில் என்ன எழுதுவது?

தெரிந்த அளவுக்கு. “செம்புக் கனிமம், பச்சை ஊசிகள், அமிலத்தில் நுரையில்லை, ப்ரோகாண்டைட்?” என்று எழுதலாம். அந்தக் கேள்விக்குறியை வெட்கப்பட்டு அழிக்காதீர்கள். பைரோமார்ஃபைட்டா மிமெடைட்டா என்று கண்ணால் பிரிக்கவே முடியாது, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் தொடர். “பைரோமார்ஃபைட்–மிமெடைட்” என்றே எழுதுங்கள். பெயர் எப்படி வந்தது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்: கண்ணால், அமிலத்தால், ராமனால். அப்புறம் யாராவது திருத்தினால் பழைய சீட்டைக் கிழிக்காமல், புதியதை அதன் பின்னால் வையுங்கள். என் டப்பாக்களில் ஒன்றில் நாலு சீட்டு இருக்கிறது, நாலும் வேறு வேறு பெயர், மூன்று என் கையெழுத்து.